பின் வரிசையில் ஒரு தூக்கம்

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் காதுக்காரர். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது அவர் தொழில். வெளிச்சத்தம் துளியும் நுழையாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார். வருஷக்கணக்கில் இதே வேலையாக இருந்ததில் அவருடைய சொந்தக் காது பொல்லாத காதாகிவிட்டது. பிள்ளைகள் கீழே மிட்டாய் உறையைப் பிரித்தால் மாடியிலிருந்து குரல் கொடுப்பார். "அப்பா இருக்கும்போது ரகசியம் பேசணும்னா எழுதித்தான் காட்டணும்" என்று மகள் அலுத்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் இருந்த வண்டியோ, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கத்தும் ஒரு பழைய டீசல் வேன். அது தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தட்டு வைத்துவிடுவார்கள். அதை வாங்க வைத்தது அவர் மனைவி. கல்யாணமான புதிதில், சத்தமில்லாத நல்ல கார் ஒன்று கைக்கு வந்தபோது, "எனக்கு இந்த வேன்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்று வாங்க வைத்தாள்.

சத்தம் என்றால் அவளுக்கு அலர்ஜி இல்லை. காகிதக் கோப்பை செய்யும் ஆலையில் மேற்பார்வை வேலை. இயந்திரங்கள் போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. "காதடைப்பான் வெச்சுக்கோ, காது போயிடும்" என்று அவர் கரடியாகக் கத்தியும் ஒரு நாள்கூட வைத்துக்கொண்டதில்லை. ராத்திரி எவ்வளவு குளிராக இருந்தாலும் மேஜை விசிறி சுவரைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே போனால் வண்டியில் ஒரு நிமிடம் கண்ணயர மாட்டாள். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம் என்று அவரும் விட்டுவிட்டார்.

வண்டியை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை மாமனாரால் வந்தது. மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். முழங்கால் இரண்டும் மக்கர் செய்ததில், வேனின் உயரமான படியில் ஏறுவது அவருக்கு மலை ஏறுகிற மாதிரி.

"ஊர்ல இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் மாட்டினேன் மாப்பிள்ளை. எனக்குன்னு ஒரு லிஃப்ட் மாட்டிக்கலையே" என்பார், காலைத் தூக்கி வைக்க முடியாமல் நின்றபடி.

காதுக்காரர் சில வாரம் இதே வேலையாக அலைந்தார். தரை தாழ்வாக இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் கதவு பக்கவாட்டில் நகர வேண்டும். குறுகலான சந்தில் திருப்ப முடிய வேண்டும், ஆனால் மூன்று வரிசை இருக்கை வேண்டும். கடைசியில் இரண்டு ஜப்பான் வண்டிகள் தேறின. இரண்டும் ஹைபிரிட், அதாவது மெதுவாகப் போகும்போது பேட்டரியிலும் வேகமெடுத்தால் பெட்ரோலிலும் ஓடும் ரகம். ஒன்று முகப்பு உருண்டையாக இருந்ததால் மகன் அதற்கு வட்டமூஞ்சி என்று பெயர் வைத்தான். மற்றது மூலைக்கு மூலை சதுரம் பிடித்தாற்போல் இருந்தது. அது பெட்டி.

"வட்டமூஞ்சி மைலேஜ் ஜாஸ்தி தருது. பின் சீட்டு மடிஞ்சு முன் சீட்டுக்கு அடியில போயிடும். பெட்டியில நடு வரிசையில ரெண்டு தனித்தனி சீட்டு, நடுவுல நடந்தே பின்னாடி போயிடலாம். ரெண்டுமே பேட்டரியில போறப்ப ஒரு பொட்டு சத்தம் வராது" என்று சாப்பாட்டு மேஜையில் அவர் விளக்கினார்.

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "சத்தமே இல்லாத வண்டியில எப்படிப் போறது? எனக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். கதவு நகர்ற டீசல் வண்டி எதுவும் இல்லையா?"

"அப்பா காலைப் பாரு."

அப்பாவின் காலைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை எல்லோருமாக வட்டமூஞ்சியைப் பார்க்கப் போனார்கள். விற்பனைக்கு நின்ற இளைஞன் வாய் ஓயாமல் பேசி, கடைசியில் சாவியைக் கையில் கொடுத்து, "குடும்பத்தோட ஒரு சுத்து போயிட்டு வாங்க சார், வண்டியே உங்ககிட்ட பேசும்" என்றான். காதுக்காரர் ஓட்டினார். மனைவி பக்கத்தில். நடு வரிசையில் மாமனாரும் பிள்ளைகளும். மூன்றாவது வரிசை காலி.

கிடங்குகள் வரிசையாக நின்ற ஓர் அகலமான தெருவில் வண்டி மெதுவாகப் போனபோது எஞ்சின் தானாக நின்று பேட்டரி வேலையை எடுத்துக்கொண்டது. காதுக்காரருக்கு அப்படி ஓர் ஆனந்தம். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு ஒலியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கினார். டயர் தரையை உரசுவது. மகனுக்கு மூக்கடைப்பு. மாமனாருக்கு அவரே பொருத்திவிட்ட காதுக் கருவி லேசாகக் கீச்சிடுகிறது, திங்கட்கிழமை சரிசெய்ய வேண்டும். அதற்கெல்லாம் பின்னால், யாருமே உட்காராத மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மூச்சு வந்துகொண்டிருந்தது.

ஆழ்ந்து தூங்குகிறவர் விடும் மூச்சு. உள்ளே இழுக்கும்போது முடிவில் ஒரு சின்னத் தடுக்கல், வாசற்படியில் கால் இடறினாற்போல். பிறகு நீளமாக வெளியே.

அந்தத் தடுக்கலை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். கல்யாணமான நாள் முதல் விசிறிச் சத்தத்தின் ஊடே கேட்டுக்கொண்டிருக்கும் மூச்சு. அவர் மனைவியின் மூச்சு.

அவர் மெல்லத் திரும்பிப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மனைவி கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பின்னால் இருந்து மாமனார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மெதுவாப் போங்க மாப்பிள்ளை. பெரியவ தூங்குறா."

காதுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பெரியவள் என்றால் மகள்தானே? மகள் ஜன்னல் பொத்தானை ஏற்றியும் இறக்கியும் விளையாடிக்கொண்டிருந்தாள். மாமனார் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர்போல் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மனைவி கையை நீட்டி ரேடியோவை முழு சத்தத்தில் வைத்தாள். காட்சியறை வரும் வரை அதை யாரும் குறைக்கவில்லை.

அன்று முழுக்க அவர் மண்டைக்குள் அதுவே ஓடியது. சத்தத்துக்குப் பழகின காதுக்குத் திடீரென்று நிசப்தம் கிடைத்தால், இல்லாததெல்லாம் கேட்கும். அவரே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறார். ஆனால் மாமனாருக்கும் ஏன் கேட்க வேண்டும்? யோசித்ததில் ஒரு விளக்கம் கிடைத்தது. இந்த மாதிரி வண்டியில் பேட்டரி சூடாகாமல் இருக்கப் பின் இருக்கைப் பக்கம் ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தார். அதுதான் மூச்சு மாதிரி கேட்டிருக்கும். பெட்டி வேறு கம்பெனி, வேறு அமைப்பு. அதில் இருக்காது.

அடுத்த வாரம் பெட்டியைப் பார்க்க மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். "நீ பாக்காம நான் முடிவு பண்ணினா, அப்புறம் காலம் பூரா அதையே சொல்லிக் காட்டுவ" என்று சொல்லிக் கூட்டிப்போனார். அங்கே இருந்தது ஒரு விற்பனைப் பெண். கலகலப்பானவள். கதவு நகர்வதையும் பின் இருக்கைகள் சுவரோடு மடிவதையும் வித்தைக்காரி மாதிரி செய்து காட்டிவிட்டு, அவர்கள் இருவரையும் மட்டும் அனுப்பிவைத்தாள்.

உச்சி வெயில். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டிய ஆள் நடமாட்டமில்லாத தெரு. எஞ்சின் அடங்கியது.

இந்தத் தடவை மூச்சு கடைசி வரிசையிலிருந்து வரவில்லை. அவருக்கு நேர் பின்னால், நடு வரிசைத் தனி இருக்கையிலிருந்து வந்தது. தடுக்கல். நீளமாக வெளியே. காதுக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். மனைவியின் கை ரேடியோவுக்குப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ முழிச்சிட்டு இருக்கே," என்றார். "பின்னாடி உன்னை மாதிரியே தூங்குறது யாரு?"

அவள் அவரையே பார்த்தாள். "உங்களுக்குமா கேக்குது?"

"போன வாரமே கேட்டுச்சு."

அவள் முகத்தில் தெரிந்தது பயமா நிம்மதியா என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தா, சின்னதுலயே போயிட்டான்னு சொல்லியிருக்கேன் இல்ல? நாங்க ரெட்டை. அவ கொஞ்ச நேரம் முன்னாடி பொறந்தவ, அதனால அவ பெரியவ. ஆறு வயசுல காய்ச்சல் வந்துச்சு. நான் அவ பக்கத்துலதான் படுத்திருந்தேன். காலையில அம்மா கத்தினாங்க. வீடு பூரா ஆளுங்க. எல்லாரும் அழறாங்க. நான் மட்டும், ஏன் அழறீங்க, அக்கா தூங்குறா, மூச்சு கேக்குதுன்னு சொன்னேன். யாரோ ஒருத்தர் என்னை அறைஞ்சாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அன்னிக்கு இருந்தே கேக்குதா?"

"நின்னதே இல்லைங்க. எங்க அமைதியா இருந்தாலும் பக்கத்துல கேக்கும். அப்போ சின்னப் பொண்ணு மூச்சு. எனக்குப் பதினஞ்சு ஆனப்ப அதுவும் பதினஞ்சு மாதிரி ஆச்சு. என்கூடவே வளர்ந்தா. ஆனா ஒரு தடவைகூட முழிக்கல." ரேடியோவையே பார்த்தாள். "முழிச்சா என்ன செய்வான்னு தெரியல. அந்தப் பயத்துலதான் விசிறி, மில்லு, அந்த ஓட்டை வேன் எல்லாம்."

"மாமாவுக்கும் கேட்டுச்சே."

"நீங்க மாட்டின கருவி. அப்பா அதை வீட்டுல கழட்டிக் கழட்டி வைக்கிறாரே, ஏன்னு நினைச்சீங்க?"

காதுக்காரருக்கு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு வருஷமும் ஒண்டியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தவளை எப்படி விட்டுவிட்டுப் போவது? தன் அறைக்கு வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்: "நான் கூட இருக்கேன். ஒரே ஒரு தடவை, எதையும் போட்டு மூடாம, அவளைச் சும்மா கேளு."

அவள் தலையை இருக்கையில் சாய்த்தாள். இருவரும் கேட்டார்கள். இழுப்பு, தடுக்கல், வெளியே. இழுப்பு, தடுக்கல், வெளியே. மனைவியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

இழுப்பு. தடுக்கல்.

வெளியே வரவேண்டிய மூச்சு வரவில்லை. அதற்குப் பதிலாக, நெடுநேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தவர் சோம்பல் முறிக்கும்போது வருமே, அப்படி ஒரு முனகல் வந்தது. பின் இருக்கையின் உறை கிறீச்சிட்டது.

"முழிச்சுட்டா," என்றாள் மனைவி. சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் சொருகியது. தலை ஜன்னல் பக்கம் தொய்ந்தது. வாழ்நாளில் வண்டியில் கண்ணயராதவள், அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனாள். உள்ளே இழுத்த மூச்சின் முடிவில் அதே தடுக்கல்.

காதுக்காரர் தோளைத் தொட்டு உலுக்கினார். கூப்பிட்டார். ம்ஹூம். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, நாடி நிதானமாக ஓடியது, வெறும் தூக்கம்தான். பின்னால் மூச்சுச் சத்தம் அறவே இல்லை. ஆனால் ஆள் இல்லாத இடத்து அமைதி வேறு, ஆள் விழித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் அமைதி வேறு. அதைப் பிரித்துச் சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது.

நடுக்கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பின்பக்க ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்கும் ஓசை வந்தது. சிக்னலில் நின்றபோது, அவர் இருக்கையின் முதுகில் ஒரு முழங்கால் லேசாக இடித்து விலகிக்கொண்டது. கண்ணும் கருத்துமாகச் சாலையையே பார்த்து ஓட்டினார். ஆறு வயதில் படுத்தவள் எதையெல்லாம் முதன்முதலாகப் பார்க்கிறாளோ என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. பயத்துக்கு நடுவிலும் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

காட்சியறை வாசலில் விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "பாருங்க சார், மேடம் தூங்கியே போயிட்டாங்க! அவ்வளவு சைலன்ட்" என்றவள், பின்கதவுப் பொத்தானை அழுத்தினாள். கதவு நகர்ந்தது. அவள் ஓரடி பின்வாங்கி, கையை நீட்டி, "பார்த்து, மெதுவா இறங்குங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நீட்டிய கையையும் காலி இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேர்தானே சார் போனீங்க?" என்றாள். பிறகு அந்தக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மனைவி கண் விழித்தாள். அவள் விழித்ததும் பின்னால் மூச்சு மறுபடி தொடங்கியது, ஆழமாக, அசதியாக.

"ரொம்ப நேரம் தூங்கிட்டேனா?" என்றாள். முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. "கனவுகூட வரலைங்க. இப்படி நான் தூங்கினதே இல்ல."

வீட்டுக்குப் போகும் வழியில், பழைய வேனின் கடகடப்புக்கு மேல் அவள் கத்திச் சொன்னாள்: "பெட்டியையே வாங்கிடலாம்."

காதுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வட்டமூஞ்சி மைலேஜ் நல்லாத் தருதே. திருப்பவும் சுலபம்..."

"அதுல அவ தூங்கிக்கிட்டேதான் இருந்தா. இதுலதான் முழிச்சா."

"அதான் எனக்குப் பயமா இருக்கு!"

"எனக்கு இத்தனை வருஷமா பயம். முழிச்சா என்ன செய்வாளோன்னு. என்ன செஞ்சா? என்னைத் தூங்க வெச்சா, அவ்வளவுதானே?" என்றாள். "அவ முழிச்சிட்டிருந்தா நான் தூங்கலாம். நான் முழிச்சா அவ தூங்குவா. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அதற்கு மேல் மைலேஜை இழுக்க அவருக்கு வாய் வரவில்லை. மாமனாரைக் கேட்டதும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதுல பின்னாடி ரெண்டு பேர் வசதியா உக்காரலாமா மாப்பிள்ளை?"

பெட்டி வீட்டுக்கு வந்தது. யாருக்காக இவ்வளவு அலைந்தாரோ அந்த மாமனார், தாழ்வான நடு இருக்கையை விட்டுவிட்டு, நடுவில் இருந்த இடைவெளி வழியாக இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கடைசி வரிசைக்குப் போனார். "கால் வலிக்கும் மாமா" என்றால், "வலிச்சா வலிக்கட்டும்" என்பார். பக்கத்துக் காலி இருக்கையில் ஒரு பையை வைக்க விடமாட்டார். சட்டைப் பையில் கிடந்த காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ பேசியபடி வருவார். பிள்ளைகள் கேட்டால், "பழக்கம் விட்டுப்போச்சு, அதான் பேசிப் பாக்குறேன்" என்று சிரிப்பார்.

மனைவியின் முகத்தில் சதை பிடித்தது. ஆலையில் எல்லோரும் என்ன ரகசியம் என்று கேட்டார்களாம். தூக்கம் கெட்டது காதுக்காரருக்குத்தான். ஞாயிறு மத்தியானம் அவள் சோபாவில் அயர்ந்திருப்பாள். பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருப்பார்கள், மாமனார் வாசலில் உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையில் தினசரியின் தாள் ஒன்று நிதானமாகப் புரளும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். எழுந்து போய்ப் பார்க்க ஒரு நாளும் துணிவு வந்ததில்லை. ஆனால் கெடுதலாக எதுவும் நடக்கவும் இல்லை. ஒரு தடவை, அடுப்பில் பால் பொங்கி வழியப் போகும் நேரத்தில் அடுப்பின் குமிழ் திருகும் ஓசை கேட்டது. அவர் ஓடிப் போவதற்குள் அணைந்திருந்தது.

அந்த வருஷ விடுமுறையில் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நாள் முழுக்க நீளும் பயணம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். காதுக்காரர் வழக்கம்போல் பிரித்துக் கேட்டார். மகள். மூக்கடைப்போடு மகன். கடைசி வரிசையில் மாமனாரின் குறட்டை. பக்கத்தில் மனைவி, அதே தடுக்கலோடு. நாலு பேரும் தூங்குகிறார்கள்.

அப்படியென்றால் ஒருத்தி விழித்திருக்கிறாள்.

சாலை நேராக நீண்டு கிடந்தது. ஓட்டுகிறவனுக்குப் பேச்சுத்துணை இல்லாவிட்டால் கண்ணைக் கட்டும் நேரம். மனைவியின் அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தார். முறைக்கு அண்ணி. சின்னதிலேயே போனவள் ஆயிற்றே என்றால், கூடவே வளர்ந்தும் இருக்கிறாளே. முறை முறைதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணி, பின்னாடி ஏசி அதிகமா இருக்கா?"

சற்றுப் பொறுத்து, கடைசி வரிசைக்கு மேலே கூரையில் காற்று வரும் மூடி 'டக்'கென்று திரும்பும் ஓசை கேட்டது.

காதுக்காரர் ஏசியை ஒரு படி குறைத்தார். "கடல் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, தூங்குகிறவர்கள் அலுங்காதபடி வண்டியை ஓட்டினார்.